டிஸ்க் பெருசாச்சு, இடம் எங்கே?

கேளம்பாக்கம் பக்கம் மனை வாங்கினவங்களுக்கு இது சுலபமா புரியும். பக்கத்து மனையையும் வாங்கினா நிலம்தான் பெருசாகும், வீடு பெருசாகாது. நடுச்சுவரை இடிக்கணும், அப்புறம் அறை கட்டணும். விர்ச்சுவல் மெஷினின் டிஸ்கும் அப்படித்தான்.

விர்ச்சுவல்பாக்ஸில் ஓடும் உபுண்டுவின் 20 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை குளோன். மெஷினை நிறுத்திவிட்டு ‘ஃபுல் குளோன்’ எடுங்கள். ‘லிங்க்டு குளோன்’ வேண்டாம். அது மூலத்தின் டிஸ்கை நம்பி இருப்பது. மூலத்தை அழித்தால் இதுவும் போச்சு. இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் ஓட்டுவதானால், குளோனுக்குப் புது மேக் முகவரியும் வேறு ஹோஸ்ட்நேமும் கொடுங்கள்.

இனி குளோனில் மட்டும் கை வையுங்கள். மீடியா மேனேஜரில் டிஸ்கை 40 ஜிபி ஆக்குங்கள். இது நிலம் வாங்கியது மட்டுமே. மெஷினை ஓடவிட்டு ‘டிஎஃப்’ கட்டளை கொடுத்தால் பழைய அளவுதான் காட்டும். பலர் குழம்புவது இங்கேதான்.

அடுத்து ‘க்ரோபார்ட்’ மூலம் பார்ட்டிஷனை நீட்டணும். சுவர் இடிப்பது இதுதான். காலி இடம் அந்தப் பார்ட்டிஷனுக்கு அடுத்தே இருக்கணும். நடுவில் ஸ்வாப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் நீட்ட முடியாது, முதலில் அதை நகர்த்தணும். கடைசியாக, ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ்’. அறை கட்டியாச்சு. எல்விஎம் இருந்தால் நடுவில் இன்னும் இரண்டு படிகள் உண்டு: ‘பிவிரீசைஸ்’, ‘எல்விஎக்ஸ்டெண்ட்’.

இதில் எந்தப் படி சொதப்பினாலும் மூல மெஷின் பத்திரம். குளோன் சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகு மூலத்தை அழிக்கலாம்.