சத்திக்குப் பயந்து பாணி பருக்காதீர்கள்

பாடசாலை விடுமுறை விட்டால் மட்டக்களப்பில் ஹையேஸ் வான்களுக்கு எங்கிருந்தோ ஒரு கிராக்கி வந்துவிடும். கதிர்காமம், மடு, கண்டி, நுவரெலியா, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை என்று ஒரு வானுக்குள் மூன்று குடும்பம் ஏறும். அதற்கு முந்திய கிழமை என் கிளினிக்கில் ஒரு கூட்டம். பயணம் முடிந்த மறுநாள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் கேட்பது எப்போதும் ஒன்றைத்தான்: "டொக்டர், வாகனத்தில ஏறினா புள்ளைக்குச் சத்தி. நித்திரையாக்கிற பாணி ஒண்டு எழுதித் தாங்க." இரண்டாவது கூட்டம் அதைக் கேட்பதே இல்லை. பாமசியில் தானே வாங்கி, வானில் வைத்துப் பருக்கிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவது அந்த இரண்டாவது கூட்டத்துக்காக. வாகனத்தில் எடுக்கும் சத்தியால் ஆபத்தான நிலைக்குப் போன பிள்ளைகளை நான் காண்பது அரிது. அதை நிறுத்தக் கொடுத்த மருந்தால் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளை ஒவ்வொரு விடுமுறையிலும் காண்கிறேன்.

கழுத்து இழுத்த பிள்ளை

கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் இரண்டும் மேலே சொருகி, வாய் கோணி, நாக்கு வெளியே தள்ளியபடி ஒரு நாலு வயதுப் பிள்ளையைக் கொண்டுவருவார்கள். பிள்ளைக்கு நினைவு இருக்கிறது, அழுகிறது, பயந்துபோய் இருக்கிறது. ஆனால் கழுத்தை நிமிர்த்த முடியவில்லை. வழியில் ஏதோ பிடித்துவிட்டது என்று சொல்லி நூல் கட்டி, விபூதி போட்டு, எல்லாம் முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்திருக்கும். "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டால் முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் அம்மாவின் கைப்பையிலிருந்து குளிசை வெளியே வரும். மெற்றோகுளோபிரமைட். பெரியவருக்கு எழுதிய சத்திக் குளிசை, பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தது.

பிடித்தது பேயல்ல, மருந்து. சரியான ஊசி போட்டால் அந்த இழுப்பு சீக்கிரமே இறங்கிவிடும். அதற்குள் அந்தப் பிள்ளையும் தாயும் பட்ட பாட்டுக்கு ஒரு கதிர்காமப் பயணம் ஈடாகாது. இதில் என்னைக் கோபப்படுத்துவது, அந்தக் குளிசை வாகனச் சத்திக்கு வேலையே செய்யாது என்பதுதான்.

வயிற்றுக் கோளாறு அல்ல

வாகனம் ஓடும்போது உள்காது 'அசைகிறோம்' என்று சொல்கிறது. போனிலோ முன் சீட்டின் முதுகிலோ குத்திட்டு நிற்கும் கண் 'இல்லை' என்கிறது. இந்தத் தகராறுதான் முதலில் கொட்டாவியாகவும், பிறகு வெளிறிய முகமாகவும் குளிர்ந்த வியர்வையாகவும், கடைசியில் ஓங்காளமாகவும் வெளிப்படுகிறது. இரண்டு பக்கமும் உள்காதின் சமநிலைப் பகுதி செயலிழந்தவர்களுக்கு எந்தக் கப்பலில் ஏற்றினாலும் இந்தச் சத்தி வராது. பழி வயிற்றின் மீதல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டு வயதுக்குக் கீழே வாகனச் சத்தி அரிது. அதன் பிறகு கூடிக்கொண்டு வந்து, பத்து வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பதின்ம வயதில் பெரும்பாலும் தணிந்துவிடும். தாய்க்கு ஒற்றைத் தலைவலி இருந்தால் பிள்ளைக்கும் வாகனச் சத்தி இருப்பதை அடிக்கடி காண்கிறோம். இதைக் கண்டறியப் பரிசோதனை எதுவும் தேவையில்லை.

குருமண்வெளியில் 'பாதை' என்னும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர் முருகனிடம் போகிற பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்க, எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சத்தியும் இல்லை, தலைச்சுற்றும் இல்லை. சின்னக் கதிர்காமம் என்று நாம் சொல்லும் மண்டூருக்கு இப்படிப் போய்வரும் அதே பிள்ளை, பெரிய கதிர்காமத்துக்கு வானில் ஏறினால் பொத்துவில் தாண்டுவதற்குள் துவண்டுவிடுகிறது. வாவியில் அலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் திறந்த காற்றும், கண்ணுக்கு எட்டுகிற கரையும் பாதையில் இருக்கின்றன. வானின் பின் சீட்டில் இரண்டும் இல்லை.

குப்பிகளின் கதை

1947-இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனைக்கு தோல் தடிப்போடு வந்த ஒரு பெண்ணுக்கு, ஒவ்வாமைக்கென்று ஒரு புது மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ட்ராம் வண்டியில் ஏறினாலே குமட்டும் அவருக்கு அந்த நாட்களில் குமட்டல் இல்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டு, அட்லாண்டிக்கைக் கடந்த ஒரு படைக் கப்பலில் அதைச் சிப்பாய்களிடம் சோதித்தார்கள். டைமென்ஹைட்ரினேற் என்று இன்றும் விற்கப்படும் மருந்தின் வரலாறு அது. வாகனச் சத்திக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்துகள் அநேகமாக இந்த ஒவ்வாமை மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். நித்திரை வருவதும் அதனால்தான்.

இங்கேதான் நம்மவர்களின் கணக்கு பிசகுகிறது. தடிமலுக்கு எழுதிய பாணியும் அதே குடும்பம் என்று யாரோ சொல்லிவிட, மிச்சமிருந்த குப்பியை எடுத்து, பிள்ளை அசந்து தூங்கும்வரை பருக்குகிறார்கள். செங்கலடியில் ஒரு கரண்டி, வெலிக்கந்தையில் ஒரு கரண்டி, பொலன்னறுவையில் 'இன்னும் முழிச்சிருக்கு' என்று மறுகா ஒன்று. சில பிள்ளைகளுக்கு இந்த மருந்துகள் எதிர்மாறாக வேலை செய்யும். தூங்காமல் வெறி பிடித்தது போல் ஆடும். அதைப் பார்த்து இன்னும் ஒரு கரண்டி கொடுத்தவர்களும் உண்டு.

இதே குடும்பத்துப் புரோமெதசின் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மூச்சு அடங்கி இறந்த குழந்தைகள் உண்டு என்பதால் 2004-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தன் கடுமையான எச்சரிக்கையை அதன் மேல் பதித்தது. மடியில் 'நல்லா நித்திரை' என்று கிடக்கும் பிள்ளை நித்திரையில்தான் இருக்கிறதா, மூச்சு மெலிந்துகொண்டு போகிறதா என்று இரவு ஓடும் வானின் இருட்டில் உங்களால் சொல்ல முடியுமா?

டொம்பெரிடோன் பாணி பல வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. அது குறிவைப்பது இரைப்பையை. வாகனச் சத்தியில் அதற்கு வேலை இல்லை. ஒண்டான்செட்ரோனும் அப்படித்தான். வேலை செய்பவற்றில் சினரிசின் ஐந்து வயதுக்கு மேல். டைமென்ஹைட்ரினேற் இரண்டு வயதுக்கு மேல். இரண்டையும் பிள்ளையின் வயதும் எடையும் பார்த்து மருத்துவர் எழுதித் தரவேண்டும். ஏறுவதற்கு முன்பே கொடுத்தால்தான் பலன். சத்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் மருந்தும் சேர்ந்து வெளியே வரும். எழுதிக் கொடுத்த மருந்தையும் பயணத்துக்கு முன் ஒரு நாள் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அறியும் இடம் மகியங்கனைக் காடு அல்ல.

மூக்கில் தைலம், வயிற்றில் பத்திரிகை

தைலக் குப்பி இல்லாமல் நம்மூரில் ஒரு வான் புறப்படாது. பிள்ளை கொட்டாவி விட்டதும் மூக்கடியில், நெற்றியில், தொப்புளில் என்று தேய்த்துவிடுவார்கள். மென்தோல், கற்பூரம், யூகலிப்டஸ் கலந்த தைலத்தை சின்னக் குழந்தையின் மூக்குத் துவாரத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூச்சுக்குழல் இறுகலாம், மூச்சு நின்றும் போகலாம். இன்னும் மோசமானது, அந்தக் குப்பி பிள்ளையின் கைக்குப் போவது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். "தண்ணியில ரெண்டு சொட்டு விட்டுக் குடுத்தன்" என்று ஒரு அம்மம்மா அமைதியாகச் சொன்னபோது எனக்குத்தான் வியர்த்தது. போதாக்குறைக்கு, குமட்டுகிற பிள்ளைக்குக் கடும் வாசனை எதுவும் எதிரி. கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டையும் அப்படித்தான். முதலில் அதைக் கழற்றுங்கள்.

சட்டைக்குள் வயிற்றோடு பத்திரிகையை மடித்து வைப்பது எந்தத் தலைமுறையில் தொடங்கியதோ தெரியாது. அதனால் கேடு இல்லை, பலனும் இல்லை. பத்திரிகையைப் படிக்கக் கொடுக்காதவரை எனக்கு ஆட்சேபணை கிடையாது. தேசிக்காயை முகர்வதும் அப்படியே; பிள்ளைக்குப் பிடித்திருந்தால் முகரட்டும். இஞ்சிக்கு ஓரளவு பலன் இருக்கலாம் என்கிறார்கள், முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கொஞ்சம் இஞ்சி போட்ட பிளேன்டீ இரண்டு மிடறு குடித்தால் தவறில்லை. சத்தியைத் தடுக்கும் என்று விற்கும் மணிக்கட்டுப் பட்டிக்கு உறுதியான சான்று இல்லை.

மஞ்சளாகச் சத்தி எடுத்தால் 'பித்தம் கழியுது, நல்லது' என்பது இன்னொரு கதை. வெறும் வயிற்றில் மீண்டும் மீண்டும் எடுத்தால் கடைசியில் மஞ்சள் நீர்தான் வரும். அதில் நன்மை எதுவும் இல்லை. விரலை விட்டு 'எல்லாத்தையும் வெளியே எடுத்துவிடுவது' பிள்ளையைச் சித்திரவதை செய்வது. நாவூறு பட்டது என்று நினைத்தால் மிளகாய் சுற்றிப் போடுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதை முடித்துவிட்டு வருகிறோம் என்று வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

பட்டினி போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம். 'சாப்பிட்டாத்தானே எடுக்கும்' என்று காலையிலிருந்து ஒன்றும் கொடுக்காமல் ஏற்றுவார்கள். காலி வயிறும் குமட்டும், நிறைந்த வயிறும் குமட்டும். ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு ஒரு துண்டுப் பாண், இரண்டு பிஸ்கட், ஒரு இட்டலி போதும். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். எண்ணெய்ப் பரோட்டா, கொத்து, வயிறு நிறையப் பால், கலர் சோடா வேண்டாம். நம் எருமைத் தயிர்ச் சட்டி இலங்கை முழுவதும் பேர்போனதுதான். உறவினருக்குக் கொண்டுபோங்கள், மலை ஏறும் முன் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

மருந்து சீட்டில் இருக்கிறது

நம் பிள்ளைகள் தட்டை நிலத்தில் வளர்ந்தவர்கள். கல்லடிப் பாலத்தின் ஏற்றம்தான் அவர்கள் அறிந்த மலை. செங்கலடியில் பிரியும் பதுளை வீதி பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் சுற்றத் தொடங்கும்போதும், கண்டிக்குப் போகையில் மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு வரும்போதும் வான் முழுக்கச் சத்தி மணக்கும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில் மெதுவாக வரும் ஆட்டம்தான் மனிதரை அதிகம் பிரட்டும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். சாரதி தம்பிமாரே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை அடித்து அடித்துப் பிடிக்காமல் ஓட்டினால் பாதிச் சத்தி நின்றுவிடும்.

மீதிப் பாதி சீட்டைப் பொறுத்தது. பின் சில்லுக்கு மேலுள்ள கடைசி வரிசையில் ஆட்டம் அதிகம். நாம் பிள்ளைகளை அடைப்பதும் அங்கேதான். சாரதிக்குப் பின்னாலுள்ள வரிசையில், முன் கண்ணாடி வழியே வீதி தெரியும்படி இருத்துங்கள். உயரம் போதாவிட்டால் பிள்ளைகளுக்கான இருக்கை வைத்து உயர்த்துங்கள். இருக்கைப் பட்டி பொருந்த வேண்டும். முன் சீட்டில் மடியில் வைப்பது வேண்டாம். ஒரு வயதுக் குழந்தையின் பின்நோக்கிய இருக்கையைச் சத்திக்காகத் திருப்பவும் வேண்டாம்.

போனைப் பிடுங்குங்கள். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. வாயடங்கட்டும் என்று கார்ட்டூன் போட்டுக் கொடுத்த போனைப் பார்த்துத்தான் பல பிள்ளைகள் ஓட்டமாவடிக்கு முன்னே வெளிறிப் போகிறார்கள். தூரத்து மலையைக் காட்டுங்கள், பாட்டுப் பாட விடுங்கள், கதை சொல்லுங்கள். குமட்டத் தொடங்கினால் கண்ணை மூடி, தலையை அசையாமல் சாய்க்கச் சொல்லி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். தலையை வெளியே நீட்டிச் சத்தி எடுக்க மட்டும் விடாதீர்கள். எதிரே பஸ் வரும் வீதி அது. சொப்பிங் பேக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். விடியப்புறம் நாலு, ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் பிள்ளை தானாகவே தூங்கிக்கொண்டு வரும். நடுச்சாமத்தில் வேண்டாம், சாரதியும் தூங்குவார். கொழும்புக்கு என்றால் உதயதேவி ரெயிலை ஒருமுறை யோசியுங்கள்.

இது வாகனச் சத்தி அல்ல

வான் நின்று பிள்ளை இறங்கிக் கொஞ்ச நேரத்தில் முகம் தெளியவேண்டும். இறங்கிச் சில மணித்தியாலங்களுக்குப் பிறகும் விடாமல் எடுத்தால் அது பயணக் களைப்பு அல்ல. மார்கழி விடுமுறை நமக்கு மழைக்காலம், டெங்குக் காலம். விடாத சத்தி டெங்குவின் எச்சரிக்கைக் குறிகளில் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே சொல்லிவிட்டது. 'நுவரெலியாக் குளிர் ஒத்துக்கல்ல' என்று இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவருவது இன்னும் நிற்கவில்லை. காய்ச்சல், பச்சை நிறச் சத்தி, இரத்தம், கடும் வயிற்றுவலி, தலையில் அடிபட்ட பின் சத்தி, எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுதல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போகும்வரை ஜீவனிக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். வாகனத்தில் ஏறாத நாட்களிலும் காலையில் தலைவலியோடு சத்தி எடுக்கும் பிள்ளையைத் தாமதிக்காமல் காட்டுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒத்துக்கொண்ட பாணி உங்கள் பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். பாமசிக்காரரிடம் 'சத்திக்கு ஏதாவது தாங்க' என்று கேட்காதீர்கள். வயதும் எடையும் கேட்காமல் மருந்து தருபவரிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஒளிக்காதீர்கள். குப்பியையும் குளிசை அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள், நாங்கள் உங்களைத் தின்றுவிடமாட்டோம். வான் பேசும் அன்றே ஒரு விஷயத்தையும் பேசி முடித்துவிடுங்கள்: முன் வரிசைச் சீட்டுப் பெரிய மாமாவுக்கு அல்ல, சத்தி எடுக்கும் பிள்ளைக்கு. மாமா கோபித்தால் டொக்டர் சொன்னது என்று சொல்லுங்கள்.