டப்பாத் தகட்டின் மெல்லிய கவசம்

மைசூர் செலுவாம்பா மாளிகையில் 1950 ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், உணவை டப்பாவில் அடைக்கும் முறைகளோடு டப்பாவின் தகட்டையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டது. மாம்பழக் கூழோ அன்னாசித் துண்டோ மாதக்கணக்கில் அத்தகட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம்.

தகர டப்பா என்று நாம் வழங்குவது உண்மையில் எஃகுத் தகடேயாகும். அதன்மேல் வெள்ளீயம் பூசப்பட்டிருக்கும். சதுர மீட்டருக்கு 2.8 கிராம் வெள்ளீயம் பூசினால், பூச்சின் கனம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,500-இல் ஒரு பங்குதான். எனினும் அது இரண்டு பணிகளைச் செய்கின்றது. தகட்டை அச்சினுள் அழுத்திக் கிண்ணம்போல் இழுக்கும்பொழுது, மென்மையான வெள்ளீயம் மசகு எண்ணெய்க்குத் துணைநின்று உராய்வைத் தணிக்கின்றது. காற்று நீக்கி மூடிய டப்பாவினுள்ளோ, பழப் புளிப்பில் தான் முதலில் சிறிது சிறிதாகக் கரைந்து இரும்பைக் காக்கின்றது. வெளிப்புறத்தில், ஈரக் காற்றில், நிலைமை நேர்மாறானது. அங்கே பூச்சின் நுண்துளைகளில் இரும்பே துருப்பிடிக்கும்.

வெள்ளீயம் விலையுயர்ந்த உலோகம். நம் நாட்டுத் தேவையில் பெரும்பகுதி இறக்குமதியாகின்றது. ஆகவே குரோமியம் பூசிய எஃகு அதற்கு மாற்றாக வந்தது. இதில் பூச்சு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.1 கிராம் மட்டுமே. ஆனால் குரோமியம் மிகக் கடினமானது. வெறுமனே இழுத்தால் அச்சைத் தேய்த்துவிடும். ஈயப்பற்றும் பிடிக்காது. வெள்ளீயத்தைப்போல் தன்னைத் தேய்த்து இரும்பைக் காக்கவும் அதனால் இயலாது. எனவே உராய்வைத் தணிப்பது, உணவைத் தடுத்து நிறுத்துவது ஆகிய இரு பணிகளும் தகட்டின்மேல் பூசும் லாக்கர் என்னும் பிசின் மெருகின்மேல் விழுகின்றன. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் மீன்கறிக்கு ஏற்றதெனக் கண்ட டப்பாக்களும் பாலிமர் பூச்சு இட்ட இவ்வகை எஃகினால் ஆனவையே.

இடர் இங்கேதான் உள்ளது. மெருகு பூசப்பட்ட பின்னரே தகடு அச்சுக்குள் செல்கின்றது. மெருகு விறைப்பாயிருந்தால் வளைவில் வெடிக்கும், குழைவாயிருந்தால் வழன்றுவிடும், அச்சு தேய்ந்திருந்தால் ஒவ்வொரு டப்பாவிலும் அதே இடத்தில் கீறல் விழும். மெருகில்லாத வெள்ளீய டப்பாவில் அரிப்பு பரப்பெங்கும் சீராகப் பரவும். கீறிய மெருகிலோ அது ஒரே புள்ளியில் குவிந்து தகட்டைத் துளைத்துவிடக் கூடும். அன்றியும், ஹைட்ரஜன் வாயு சேர்ந்து டப்பா உப்பும். கிருமிகளாலும் டப்பா உப்பும். கண்ணால் கண்டு வேறுபாடறிய இயலாதாகையால், உப்பிய டப்பாவைச் சுவைத்துப் பார்த்தல் ஒருபோதும் கூடாது.

கீறலைக் கண்டறியும் சோதனையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம். மெருகிட்ட வெற்று எஃகு டப்பாவைக் கழுவி, சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மயில்துத்தக் கரைசலை ஊற்றி வைக்கவேண்டும். உலோகம் வெளிப்பட்ட இடங்களிலெல்லாம் செம்பு சிவந்த புள்ளிகளாகவும் கோடுகளாகவும் படியும். வெட்டிய விளிம்பில் படிவதைக் கணக்கில் கொள்ளலாகாது. வளைவுகளையும் அடிமூலையையும் உற்று நோக்குக. அச்சின் உராய்வு மிகுந்த இடங்கள் அவையே.