குஞ்சு பெருகியது, குலம் மெலிந்தது
ஊசி போட்டு மீனைப் பெருக்கக் கற்ற நாடு, நல்ல பெற்றோரைத் தேட மறந்தது. ரோகுவைச் சீராக்க விஞ்ஞானிகள் மீண்டும் ஆற்றுக்குப் போக வேண்டியிருந்தது.

நெல் விதையை உள்ளங்கையில் அள்ளினால் பதர் எது, மணி எது என்று விவசாயிக்குத் தெரிந்துவிடும். மீன் வளர்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆக்சிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் எல்லாக் குஞ்சுகளும் ஒன்றுபோலத்தான் துள்ளுகின்றன. அவற்றின் வம்சம் எப்படிப்பட்டது என்பதை, பத்து மாதம் கழித்துக் குளத்தில் வலை இழுக்கும்போது தராசுதான் சொல்கிறது. அதற்குள் குத்தகைக்கும் தீவனத்துக்கும் பணம் போயிருக்கும்.

பணயம் சிறியதல்ல. 2022-23-ல் நாட்டில் கிடைத்த 175 லட்சம் டன் மீனில் சுமார் 131 லட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து வந்தது. நன்னீர் மீன் வளர்ப்பின் முதுகெலும்பு கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று பெருங்கெண்டைகள். அவற்றுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. குளத்தில் கொழுகொழுவென்று வளரும், சினையும் பிடிக்கும். ஆனால் தேங்கிய நீரில் முட்டையிடாது. அதற்கு மழைக்காலமும், ஆற்றில் புதுவெள்ளமும் வேண்டும்.

அதனால் 1950-களின் இறுதிவரை மீன் குஞ்சு என்றால் கங்கையும் அதன் துணை நதிகளும்தான். வெள்ளம் வரும்போது கரையோரம் வலை கட்டிப் பிடித்த நுண்குஞ்சுகள் பானைகளில் நிரப்பப்பட்டு ரயிலேறின. காற்று கலப்பதற்காக ஆட்கள் வழியெல்லாம் கையால் நீரைத் தட்டிக்கொண்டே போவார்கள். பிழைத்து வந்தவற்றில் நல்ல இனத்தோடு, அதைத் தின்னும் மீன்களின் குஞ்சுகளும் கலந்திருக்கும்.

இதை மாற்றியவர் ஹீராலால் சவுத்ரி. கட்டாக்கில் இருந்த மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையப் பிரிவில் பணியாற்றிய அவரும், சக விஞ்ஞானி கே.எச். அலிகுஞ்ஞியும் ஒடிசாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று குளத்து மீனை முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம்.

முறை எளிமையானது. முதிர்ந்த மீனின் மூளைக்கு அடியிலிருந்து பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து ஆல்கஹாலில் பாதுகாக்க வேண்டும். தேவைப்படும்போது அரைத்துக் கரைத்து, தெளிந்த நீரைச் சினை மீனின் தசையில் ஊசியாகப் போட வேண்டும். பெண்ணுக்கு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி, ஆணுக்கு ஒன்று. வெள்ளம் வந்துவிட்டதாக மீனின் உடல் நம்பிவிடும். ஊசி போட்ட சில மணி நேரத்தில் முட்டை. அடுத்த 14 முதல் 18 மணி நேரத்தில் குஞ்சு. பின்னர் சீன முறை வட்டத் தொட்டிகளும், ஒரே ஊசியில் வேலையை முடிக்கும் செயற்கை ஹார்மோன் மருந்துகளும் வந்தன. மீன் குஞ்சு உற்பத்தி கிராமத்துத் தொழிலாயிற்று.

ஆபத்தும் இந்த எளிமையில்தான் ஒளிந்திருந்தது. ஒரு ரோகு லட்சக்கணக்கில் முட்டையிடும். நாலைந்து ஜோடி இருந்தாலே பல ஊர்க் குளங்களை நிரப்பிவிடலாம். பிறகு எதற்கு நூற்றுக்கணக்கான தாய் மீன்களுக்குத் தீனி போடுவது? பண்ணையில் பிறந்தவையே அடுத்த ஆண்டுகளில் பெற்றோராயின. அண்ணனுக்குத் தங்கை ஜோடியானாள். பல இடங்களில் பெரிய மீன் சந்தைக்குப் போக, மிஞ்சியது இனவிருத்திக்கு நின்றது. ஒரே தொட்டியில் கட்லாவும் ரோகுவும் முட்டையிட, இரண்டுமில்லாத கலப்பினங்கள் பிறந்தன.

கர்நாடகத்தில் 18 குஞ்சுப் பண்ணைகளின் கணக்குகளை ஆராய்ந்த அம்பேகர் ஏக்நாத், ரோஜர் டாயில் இருவரும் 1990-ல் வெளியிட்ட முடிவு கவலை தருவதாக இருந்தது: தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை உள்ளினக் கலப்பு. நெருங்கிய சொந்தத்தில் பிறக்கும் மீன் மந்தமாக வளர்கிறது. நோய்க்கும் எளிதில் இரையாகிறது.

பரிகாரம் 1992-ல் புவனேஸ்வர் அருகே கௌசல்யாகங்காவில் தொடங்கியது. அங்குள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் நார்வே விஞ்ஞானிகளுடன் சேர்ந்து கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லஜ், கோமதி ஆகிய ஐந்து நதிகளிலிருந்து ரோகுவைக் கொண்டுவந்தது. பண்ணை மீனும் ஆறாவது அணியாகச் சேர்ந்தது.

நல்ல மீனைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஒரு மீன் பெரிதாக இருப்பது பிறவிக் குணத்தாலா, அது வளர்ந்த குளத்தில் தீனி அதிகம் கிடைத்ததாலா? இதைப் பிரித்தறிய ஒவ்வொரு ஜோடியின் குஞ்சுகளும் முதலில் தனித்தனிக் குட்டைகளில் வளர்க்கப்பட்டன. ஓரளவு வளர்ந்ததும், அரிசி மணி போன்ற மின்னணுச் சில்லு ஒவ்வொன்றின் வயிற்றிலும் செலுத்தப்பட்டது. பிறகு எல்லாக் குடும்பங்களும் ஒரே குளத்தில் விடப்பட்டன. நீரும் தீனியும் பொதுவானால், எடையில் தெரியும் வித்தியாசத்தில் வம்சத்தின் பங்கைக் கணக்கிட்டுவிடலாம். அறுவடையில் கருவி சில்லின் எண்ணைப் படிக்க, தராசு எடையைக் காட்ட, குடும்பங்கள் தரவரிசையில் நின்றன. மேலிடம் பிடித்தவற்றிலிருந்து சொந்தமில்லாத ஜோடிகள் அடுத்த தலைமுறைக்குத் தேர்வாயின. மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை எதுவும் இதில் இல்லை. மாட்டுக்கும் நெல்லுக்கும் மனிதன் செய்துவந்த தேர்வுதான், கணக்கோடு.

பலன், தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் கூடுதல் வளர்ச்சி. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997-ல் இந்த ரோகு 'ஜெயந்தி' என்ற பெயரில் வெளியானது. கட்லாவிலும் அதே வழியில் 'அம்ரித் கட்லா' உருவாகியிருக்கிறது.

ஆனால் ஆராய்ச்சிக் குளத்தில் ஜெயித்த மீன், விவசாயியின் குளத்துக்கு வரும் வழியில் மீண்டும் தோற்கலாம். ஒரு பண்ணை நாலைந்து ஜெயந்தி மீன்களை வாங்கி, அவற்றின் வாரிசுகளையே வருடக்கணக்கில் ஓட்டினால் பழைய கதைதான். பலகையில் பெயர் இருக்கும். மீனில் வளர்ச்சி இருக்காது.

எனவே விலையோடு இன்னும் மூன்று விஷயங்களையும் குஞ்சு வாங்குபவர் விசாரிக்கலாம். பண்ணையில் தாய் மீன் எத்தனை? வெளியிலிருந்து புதிய தாய் மீன் கடைசியாக வந்தது எப்போது? கட்லாவும் ரோகுவும் தனித்தனித் தொட்டிகளில் முட்டையிடுகின்றனவா? இவற்றுக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பதில் சொல்லும் பண்ணையில் குஞ்சுக்குச் சில பைசா கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. அந்தப் பைசா அறுவடையில் திரும்பி வரும்.