வால்ட்ஹைம் சிறையில் ஒரு சங்கீத வித்துவான்

சங்கீத ஞானம் வாய்ந்த ஒருவர் ராஜீய விவகாரங்களில் பிரவேசிப்பதால் கலைக்கு நேரும் நஷ்டத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஆகுஸ்ட் ரோக்கெல் என்பவரின் சரித்திரம் என் நெஞ்சில் வந்து நிற்கிறது. 1814-ல் கிராட்ஸ் நகரில் பிறந்த அவருக்குச் சங்கீதம் பிதுரார்ஜிதமாகவே வாய்த்தது. பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’வில் 1806-ஆம் ஆண்டு கதாநாயகன் வேடம் பாடியவர் அவருடைய தந்தை, பியானோ மேதை ஹும்மலின் தர்மபத்தினி அவருடைய அத்தை. 1830-ல் பாரிஸ் நகரில் மூண்ட புரட்சியைப் பதினைந்து வயதுப் பாலகனாகக் கண்ணாரக் கண்டவர் அவர்.

1843-ல் சாக்ஸனியின் டிரெஸ்டன் அரச நாடக சாலையில், இசைநாடக ஆசிரியர் வாக்னருக்கு அடுத்த ஸ்தானத்தில் சங்கீத நிர்வாகியாக அவர் அமர்ந்தார். அவர் இயற்றிய ‘ஃபாரினெல்லி’ என்ற இசைநாடகத்தை அரங்கேற்ற அந்த நாடக சாலையே இசைந்திருந்தும், வாக்னரின் கிருதிகளோடு நாள்தோறும் பழகிய பின்பு, தம்முடையது அவற்றின் அருகில் வைக்கத் தகாதது என்று தாமே முடிவுகட்டி, ஒருவரும் வற்புறுத்தாமலே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருடைய வாழ்க்கையின் திருப்பத்தை ஆசிரியர்கள் பலரும் புரட்சி ஆண்டான 1848-ல் தேடுகிறார்கள். நான் இங்கேதான் காண்கிறேன். தன் வித்தையில் விசுவாசம் இழந்த மனம், சும்மாயிருக்க மாட்டாமல் வேறொரு லக்ஷியத்துக்குத் தன்னை முழுவதும் அர்ப்பணித்துவிடுகிறது.

1848-ல் பிரஜைகளுக்காக ‘ஃபோல்க்ஸ்பிளேட்டர்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார், உத்தியோகம் போயிற்று. மறு வருஷம் சாக்ஸனி சட்டசபை அங்கத்தினரானார். சபை கலைக்கப்பட்டதும், கைதாகாமல் தப்பப் பிராகுக்குச் சென்றார். உடனே திரும்பி வரும்படி வாக்னர் எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே டிரெஸ்டன் கிளர்ச்சிக்குள் மீண்டு வந்தவர், அந்தக் கடிதத்தோடு பிடிபட்டார். வாக்னர் தப்பியோடி ஸ்விட்ஸர்லாந்து சேர்ந்தார். ரோக்கெலுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

வால்ட்ஹைம் சிறையில் அவர் இருந்தபோது, 1853-ல் தனியாக அச்சிடப்பட்ட, வாக்னரின் ‘நீபெலுங்கனின் மோதிரம்’ நாடகப் பாடல் அவருக்குக் கிடைத்தது. கதையின் முடிவில் பொன் ரைன் நதிக்கே திரும்பிவிட்டதே, பின்னும் தேவர்கள் ஏன் அழிய வேண்டும் என்று சிறைக்குள்ளிருந்து அவர் கேட்டார். அந்தக் காவியத்தின் மர்ம ஸ்தானத்தையே தொடும் வினா அது! 1854 ஜனவரியில் வாக்னர் வரைந்த நெடிய பதிலை இன்றளவும் பண்டிதர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இத்தகைய கேள்வி கேட்க வல்லவரா தம் சங்கீதத்தை அற்பமென்று ஒதுக்கினார்?

மன்னிப்புக் கோரி மனுச் செய்ய அவர் சம்மதிக்கவில்லை. உடன் சிறைப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிய பின், கடைசியாக 1862 ஜனவரியில் விடுதலை பெற்றார். பிரஜைகளின் சுதந்திரத்துக்காகப் பட்ட கஷ்டம் எந்த இசைநாடகத்தினும் உயர்ந்தது என்பாரும் உண்டு. அவர்களுடைய சிரத்தையை நான் மதிக்கிறேன். ஆயினும், 1865-ல் அவர் வெளியிட்ட நூல் சங்கீதத்தைப் பற்றியதன்று, சாக்ஸனிக் கிளர்ச்சியையும் வால்ட்ஹைம் சிறையையும் பற்றியது. அதன் பின்னும் அவருடைய பேனா பத்திரிகைக்கே உழைத்தது. 1876 ஜூனில், பைரோய்ட்டில் ‘மோதிரம்’ முழுமையாக அரங்கேற இரண்டு மாதங்களே இருந்தபோது, புடாபெஸ்டில் காலமானார். அவருக்கு வாக்னர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து அச்சிட்ட உலகம் ‘ஃபாரினெல்லி’யையும் ஒருமுறை மேடையேற்றிக் கேட்டிருக்க வேண்டும், அது வாக்னருக்கு ஈடாகுமா என்பதை இயற்றியவரின் சந்தேகத்துக்கு விட்டுவிடாமல், கேட்போரின் செவிக்கு விட்டிருக்க வேண்டும்.