அருவ ஓவியமும் குறிஞ்சி மரபும்

மனிதர், மரம், மலை என்று கண்ணால் அடையாளம் காணத்தக்க உருவம் எதையும் தீட்டாமல், நிறம், கோடு, வடிவம், வெளி ஆகியவற்றின் உறவைக் கொண்டே ஓர் உணர்வைப் பார்ப்பவர் மனத்தில் எழுப்ப முயலும் ஓவியம் அருவ ஓவியம் எனப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உருப்பெற்ற இவ்வகை ஓவியம் தமிழ் வாசகர் பலருக்கு இன்றும் தொலைவிலேயே நிற்கிறது. ஆயினும் மனத்தின் நிலையை நிலத்தின் வழியே சொல்லவும், உருவமற்ற பரம்பொருளைக் கோடுகளில் வரைந்து வழிபடவும் நெடுங்காலமாகப் பழகிய ஒரு மரபு, இவ்வோவியத்தைக் கண்டு தயங்கவேண்டிய தேவை இல்லை. அம்மரபின் இரு கூறுகளையும் பழனிமலைத் தொடரிலேயே காணலாம். தொடரின் உச்சியில் இருப்பது குறிஞ்சி நிலம். அடிவாரத்தில் இருப்பது முருக வழிபாடு.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த கொடைக்கானலைச் சுற்றியுள்ள சரிவுகளில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது. இம்மலரின் பெயரைத் தாங்கிய திணையைத் தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றின் கூட்டாக விளக்குகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், விலங்கு, மரம், தொழில் முதலியன கருப்பொருள். அவற்றின் வழியே வெளிப்படும் மனநிலை உரிப்பொருள். அருவியும் மூங்கிலும் தினைப்புனமும் நள்ளிரவும் குறிஞ்சிப் பாடலில் வெறும் காட்சியாக நிற்பதில்லை. காதலரின் கூடலையும் அதைச் சூழ்ந்த அச்சத்தையும் ஏக்கத்தையும் அவையே சுமந்து நிற்கின்றன. நிலத்தைப் பாடுவதன் நோக்கம் மனத்தைக் காட்டுவதே என்று இம்மரபு தெளிந்திருந்தது. அருவ ஓவியர் இதிலிருந்து மேலும் ஓர் அடி எடுத்து வைத்து, அடையாளம் காணத்தக்க பொருளையும் விலக்கிவிட்டு, அதன் நிறத்தையும் அசைவையும் மட்டுமே உரிப்பொருளுக்குத் துணையாகக் கொள்கிறார்.

மற்றொரு கூறு யந்திரம். தெய்வத்தை முகமும் கைகளும் இல்லாமல் புள்ளி, கோடு, முக்கோணம், வட்டம் ஆகியவற்றால் குறிக்கும் வரைவே யந்திரம் எனப்படும். பழனியில் உறையும் முருகனுக்குரிய அறுகோணம், மேல்நோக்கிய முக்கோணமும் கீழ்நோக்கிய முக்கோணமும் பின்னிப் பிணைந்த வடிவம். முன்னதைச் சிவமாகவும் பின்னதைச் சக்தியாகவும் கொள்வது வழக்கம். இதே அறுகோண வடிவம், 1875இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டுப் பின்னர்ச் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் முத்திரையிலும் இடம்பெற்றிருக்கிறது. ஐரோப்பிய அருவ ஓவியத்தின் பிறப்பில் இச்சபைக்கு உள்ள பங்கு பெரிது. சபையின் முன்னணியினரான அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் 1905இல் வெளியிட்ட ‘எண்ண வடிவங்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல், பக்தி, சினம், அச்சம் போன்ற உணர்வுகளுக்கும் இசைக்கும் தனித்தனி நிறமும் வடிவமும் உண்டு என்று கூறி, அவற்றை வண்ணப் படங்களாகவே வெளியிட்டது.

ரஷ்ய ஓவியர் வாசிலி காண்டின்ஸ்கி இந்நூலை அறிந்திருந்தார் என்று கலை வரலாற்றறிஞர் கருதுகின்றனர். கலையில் ஆன்மிகத்தின் இடத்தைப் பற்றி அவர் எழுதி 1911 இறுதியில் வெளிவந்த நூல், பிரம்மஞான சபையை மதிப்புடன் குறிப்பிடுவதோடு, மனித குலத்தின் ஆன்மிக வாழ்வை மெல்ல மேலேறும் ஒரு முக்கோணமாகவும் உருவகிக்கிறது. மஞ்சள் பார்ப்பவரை நோக்கி வருகிறது, நீலம் அவரைவிட்டு உள்நோக்கி விலகுகிறது என்று நிறங்களின் இயல்பை வகுத்த காண்டின்ஸ்கி, ஓவியத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது ஓவியரின் அகத்தேவையே என்றார். உள்ளத்தில் எழுந்து, வெளிப்பட்டே தீரவேண்டும் என்று வற்புறுத்தும் உந்துதலையே அவர் அகத்தேவை என்று குறித்தார். டச்சு ஓவியர் மோந்திரியான் 1909இல் இச்சபையில் உறுப்பினரானார். இவர்களுக்கும் முன்பாகவே, 1906 முதல், சுவீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட், கற்பனையில் கண்ட ஒரு கோயிலுக்கென 193 ஓவியங்களை வரையத் தொடங்கியிருந்தார்.

அடையாற்றிலிருந்து ஐரோப்பா சென்ற இச்சிந்தனை விதைத்த கலை, அரை நூற்றாண்டுக்குப் பின் சென்னையில் வேறொரு வடிவில் வேர்கொண்டது. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை அரசு கலைப் பள்ளியின் முதல்வராகப் பணியாற்றிய கே.சி.எஸ். பணிக்கர், 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். வாசிக்க இயலாத எழுத்துகள், ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், சிறு உருவங்கள் ஆகியவை ஏட்டுச் சுவடிபோல் நிரம்பிய அவ்வோவியங்கள், மேலை நாட்டுப் பாணியைப் பின்பற்றாமலேயே நவீனமாக இருக்க முடியும் என்பதை நிறுவின. அவர் தலைமையில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. ஓவியர் கே.வி. ஹரிதாசன், தம் ‘பிரம்மசூத்திரம்’ வரிசையில் யந்திரத்தின் சமச்சீர் வடிவங்களையே நவீன ஓவியத்தின் மொழியாக்கினார்.

திணை மரபுக்கு மிக அருகில் நிற்பவர் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம். காந்தியை வரைந்த கோட்டோவியங்களாலும் நூல் அட்டைகளாலும் தமிழ் வாசகர் நன்கறிந்த அவர், பிற்காலத்தில் உருவங்களை முற்றிலும் விட்டு, அடர்ந்த நிறப்பரப்புகளில் இயங்கினார். அவற்றில் மலையென்றோ வயலென்றோ சுட்டத்தக்க எதுவும் இல்லை. ஆனாலும் வெயிலும் ஈரமும் விரிந்த வெளியும் பார்ப்பவரை வந்து சேர்கின்றன. முதற்பொருள் மறைந்த பின்னும் உரிப்பொருள் எஞ்சி நிற்கும் என்பதற்கு இவ்வோவியங்களே நல்ல சான்று.

அருவ ஓவியத்தின் ஆன்மிகம் ஒரு சமயத்துக்குள் அடங்குவதன்று. கொடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலையில், ஜென் ஆசிரியராகிய இயேசு சபைத் துறவி ஆமா சாமி 1996இல் நிறுவிய போதி ஜென்டோ என்னும் தியான நிலையம், கிறித்தவரும் பௌத்தரும் இந்துவும் ஒரே மௌனத்தில் அமரும் இடமாக விளங்குகிறது. ஜென் என்பது சொல்லையும் உருவத்தையும் கடந்து, நேரடி அனுபவத்தை நாடும் பௌத்தத் தியான நெறி. இந்நெறியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த இந்திய ஓவியர் வி.எஸ். கைதொண்டே, ஆண்டுக்கு மிகச் சில ஓவியங்களையே வரைந்தார். நீண்ட காத்திருப்பையும் மௌனத்தையும் ஓவியப் பணியின் பகுதியாகவே கருதினார்.

உருவம் இல்லாத ஓவியம் அனைத்தும் ஆன்மிகமானது என்று கொள்வது பிழை. அலங்காரத்துக்காகவும் சந்தைக்காகவும் வரையப்படுபவையும் பல. அகத்தேவையிலிருந்து பிறந்ததா என்பதே உரைகல்; அதைக் கண்டறியப் பார்ப்பவரும் நேரம் செலவிட்டாக வேண்டும். ‘இது என்ன?’ என்று கேட்பதற்கு முன், எந்த நிறம் முன்வருகிறது, எது விலகுகிறது, மனம் எங்கே நிலைகொள்கிறது என்று பொறுமையுடன் கவனிப்பதே இதற்குரிய முதற்பயிற்சி. குறிஞ்சித் திணையைப் பாடநூலில் கற்கும் மாணவருக்கு, பழனியிலும் கொடைக்கானலிலும் மட்டுமன்றித் தமிழ்நாடெங்கும், அதே வகுப்பில் பணிக்கரின் ஓவியத்தையும் ஆதிமூலத்தின் ஓவியத்தையும் ஆசிரியர்கள் காட்ட வேண்டும். அகப்பாடலை நுகரத் தெரிந்த ஒரு சமூகம் அருவ ஓவியத்தையும் தன்னுடையதாக்கிக்கொள்ள அதுவே நேரிய வழி.