உங்களுக்குத் தெரியுமா? கோணல் லென்ஸும் நேர்க்கோடும்!

போன் கேமராவில் 0.5-ஐத் தொட்டு, உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை ஒரு படம் எடுங்கள். கம்பி நேராக இருக்கிறதா? லென்ஸ் அதை அப்படிப் பார்க்கவே இல்லை! பீப்பாய் மாதிரி வயிறு தள்ளிய கம்பிதான் அதன் கண்ணில் பட்டது. படம் உங்கள் கைக்கு வருமுன் போனே கம்பியை நிமிர்த்திவிட்டது!

எப்படி? ஒவ்வொரு புள்ளியும் படத்தின் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு இடம் மாற்றுகிறது. 12 மெகாபிக்சல் படம் என்றால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள்!

லென்ஸ் எவ்வளவு வளைக்கிறது என்று கண்டுபிடிக்க அமெரிக்கர் டுவேன் பிரவுன் 1971-ல் கையில் எடுத்தது என்ன தெரியுமா? கொத்தனாரின் தூக்குக்குண்டு! குண்டு கட்டித் தொங்கவிட்ட நூலைவிட நேரான கோடு ஏது? படத்தில் நூல் வளைந்தால் குற்றவாளி லென்ஸ்தான்!

இன்று அந்த வேலைக்குச் செஸ் போர்டு கட்டம் அச்சடித்த ஒரு தாள் போதும். பல கோணங்களில் காட்டிப் படம் எடுத்தால் லென்ஸின் வண்டவாளம் முழுக்க வெளியே வந்துவிடும்!

2008-ல் வந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்கள் இன்னும் கெட்டி. மாட்டியதுமே லென்ஸ் தன் கோணலைத் தானே கேமராவிடம் ஒப்புக்கொள்ளும்!

கோணல் லென்ஸால் மட்டுமல்ல, ஃபிலிமாலும் வரலாம்! நிலாவில் அப்போலோ வீரர்கள் எடுத்த படங்களில் குட்டிக் குட்டிக் கறுப்புக் கூட்டல் குறிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஃபிலிமுக்கு முன்னால் இருந்த கண்ணாடித் தகட்டில் பொறித்தவை அவை. ஃபிலிம் சுருங்கினாலோ நெளிந்தாலோ அந்தக் குறிகளை வைத்தே அளந்துவிடலாம். மொத்தம் 25!

கோடு வளைந்தாலும் பரவாயில்லை, அகலமாகப் பார்த்தால் போதும் என்கிற லென்ஸும் உண்டு. நிக்கானின் 6 எம்.எம். மீன்கண் லென்ஸ் 220 டிகிரி பார்க்கும். அதாவது, தன் முதுகுப்பக்கமும் கொஞ்சம் தெரியும்! எடை 5.2 கிலோ!

அரைவட்டமாக 180 டிகிரியையும் ஒரே படத்தில் அடக்கி, எல்லாக் கோட்டையும் நேராகவும் காட்ட முடியுமா? முடியாது! அந்தப் படத்தின் அகலம் முடிவிலி!

120 டிகிரியிலேயே வினை ஆரம்பம். கோட்டை நிமிர்த்தினால் உருண்டை இழுபடும்! நடுவில் வைத்த பந்து பந்தாகவே இருக்கும். அதே பந்தைப் படத்தின் மூலைக்கு உருட்டுங்கள். அகலத்தைப் போல நீளம் 2 மடங்கு! கல்யாண குரூப் போட்டோவில் கடைசியாக வந்து ஓரத்தில் நின்ற சித்தப்பாவின் தலை பூசணிக்காயாக இழுபட்டதற்குக் காரணம் இதுதான். பாவம், லென்ஸைத் திட்டாதீர்கள். மண்டபத்துத் தூணெல்லாம் எவ்வளவு நேராக நிற்கிறது பாருங்கள்! தூண் நேராக வேண்டும் என்று கேட்டதற்கான விலை அந்தத் தலை!

இரண்டும் வேண்டுமா? 2019-ல் கூகுள் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். முகங்களை மட்டும் தேடிப் பிடித்து அவற்றுக்கு ஒரு கணக்கு, பின்னால் இருக்கும் சுவருக்கு வேறு கணக்கு! ஒரே படத்துக்குள் இரண்டு விதமான வடிவியல்!

ஆனால் இந்த வித்தையை அவர்களுக்கும் முன்பே ஒருவர் செய்துவிட்டார். வத்திக்கானில் ரஃபேல் தீட்டிய 'ஏதென்ஸ் பள்ளி' சுவரோவியத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். இருவர் கையில் உருண்டைகள். தூரக்காட்சி விதிப்படி ஓரத்து உருண்டை முட்டையாக இழுபட வேண்டும். கட்டடத்தை விதி பிசகாமல் வரைந்த அதே ரஃபேல், உருண்டைகளை மட்டும் அழகாக வட்டமாகவே போட்டுவிட்டார்! ஓவியம் முடிந்த ஆண்டு 1511. முதல் புகைப்படம் பிறக்க இன்னும் 300 வருஷத்துக்கு மேல் இருந்தது!