தொலைகரை – 7: கச்சான் வீசும் காலம்

மட்டக்களப்பு ரயில் பாதை 1928இல் திறக்கப்பட்டுக் கல்குடாவுக்கு ரயில் வந்த பின்னும் பக்கத்துப் பாசிக்குடாவின் கரை நெடுங்காலம் மீனவர் கரையாகவே இருந்தது சென்ற வாரம் கண்டது. இவ்வாரத்துக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது 1978ஆம் ஆண்டின் சூறாவளி. ஆனால் அதற்கு முன் வேறொரு காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இலங்கை உல்லாசப் பயணச் சபை 1966இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டபோது, அவ்வாண்டு முழுவதும் நாட்டுக்கு வந்த பயணிகள் 18,969 பேர் மட்டுமே. மறு ஆண்டு, ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவிலிருந்து வந்த ஓர் ஆலோசனை நிறுவனம் பத்தாண்டுத் திட்டமொன்றை வரைந்து, தீவை ஐந்து உல்லாசப் பிரதேசங்களாக வகுத்து, கிழக்குக் கரையை அவற்றுள் ஒன்றாக்கியது.

கிழக்குக்கு அந்த இடம் கிடைத்ததில் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைக் கடந்து இறங்குகையில் ஈரமற்ற வெங்காற்றாகி மட்டக்களப்பை அடைகிறது. அங்குள்ளோர் அதைக் கச்சான் காற்று என்பர். கடைகளில் உறைப்பிட்டு விற்கப்படும் நிலக்கடலையான கச்சானுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. மேற்கே காலியிலும் ஹிக்கடுவையிலும் கடல் கொந்தளித்துக் குளிக்க ஆகாத அம்மாதங்களில், நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் கிழக்குக் கரையோர நீரைத் தட்டையாக்கிவிடுகிறது. ஐரோப்பாவின் கோடை விடுமுறையும் அதே வேளையில் வருவதால், ஒரு கரை மூடும்போது மறு கரை திறந்து, ஆண்டு முழுதும் விடுதிகளுக்கு ஆள் சேர்க்க வழி பிறந்தது. வாடைக்காற்று, அதாவது வடகீழ்ப் பருவக்காற்று, மழையோடு வந்ததும் இந்த ஒழுங்கு தலைகீழாகும்.

பாசிக்குடாவுக்கு மேலும் ஒரு வாய்ப்பு இருந்தது. குடா என்பது நிலத்துக்குள் வளைந்து புகும் கடல். இந்தக் குடாவின் வாயிலில் கிடக்கும் முருகைக்கற்பார், அதாவது பவளப் பூச்சிகள் கட்டிய கல்மேடு, அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால், உள்ளே வெகுதூரம் நடந்தாலும் நீர் இடுப்பைத் தாண்டாது. மீனவர் தலைமுறை தலைமுறையாகக் கணித்துவந்த கடற்பருவமே 1970களில் விடுதிகளின் முன்பதிவுப் பருவமாயிற்று. கரையைக் கண்டுபிடித்த பெருமையைத் திட்டத்துக்குக் கொடுப்பது மிகை.

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி இதனால் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகிறது. அது வாடைக் காலத்தில் வந்தது என்பதை வாசகர்கள் அதுவரை நினைவில் வைத்திருப்பார்களாக.